கூரையில்லா வண்டியை எத்தனை குண்டு சாய்க்கும்?

கேள்வி: வார்ஹாமர் 40,000 என்ற, பொம்மை வீரர்களையும் பகடையையும் வைத்து ஆடும் போர் விளையாட்டில் ஆர்க் (பச்சை நிற அரக்கர்) படை வைத்திருக்கிறேன், அதில் மூன்று ட்ரக்குகள், அதாவது வீரர்களை ஏற்றிச் செல்லும் கூரையில்லா வண்டிகள். எதிரே ஆடும் நண்பர், “திறந்த வண்டிதானே, போல்ட்டரே (சாதாரணச் சிப்பாயின் துப்பாக்கி) போதும்” என்று சிரிக்கிறார். ட்ரக்குகள் இரண்டாம் சுற்றைத் தாண்டுவதும் இல்லை. மூடிய வண்டிக்கு மாறிவிடலாமா?

பதில்: உங்கள் நண்பர் பழைய ஆட்டக்காரராக இருக்க வேண்டும். அவர் சொல்வது ஒரு காலத்தில் உண்மைதான்.

2008-இல் வந்த விதிப் புத்தகத்தின் 5-ஆம் பதிப்பில் வண்டிகளுக்குக் கவச எண் இருந்தது. இலேசான வண்டிகளுக்குப் பெரும்பாலும் 10. போல்ட்டரின் பலம் 4. பகடையில் 6 விழுந்தால் கூட்டுத்தொகை 10, அதாவது ஓர் உரசல். பிறகு இன்னொரு பகடை உருட்டிச் சேத அட்டவணையைப் பார்க்க வேண்டும்; 5 வந்தால் வண்டி அழியும். உரசலுக்கு அந்த எண்ணில் 2 கழியும். ஆகவே மூடிய வண்டியை என்னதான் உரசினாலும் 4-க்கு மேல் ஏறாது. சக்கரம் முடங்கி நிற்குமே தவிர ஒரே உரசலில் அழியாது. திறந்த வண்டிக்கோ 1 கூட்டிக்கொள்ள வேண்டும். 6 உருட்டினால் 5, வண்டி ஒழிந்தது. வித்தியாசம் ஒரே ஒரு புள்ளி, ஆனால் அந்த ஒரு புள்ளி சாதாரணச் சிப்பாயின் துப்பாக்கியை வண்டி கொல்லும் ஆயுதமாக்கிவிட்டது. 3+ (அதாவது 3 அல்லது அதற்கு மேல்) உருட்டினால் குறி தப்பாத வீரர்கள் சுட்டால், சராசரியாக 54 குண்டுக்கு ஒரு வண்டி.

2012-இல் வந்த 6-ஆம் பதிப்பு இன்னும் மோசம். ஒவ்வோர் உரசலும் வண்டியின் உடல் புள்ளி ஒன்றைப் பறித்தது. மூன்று புள்ளி வண்டிக்கு 27 குண்டு போதும். (இதில் கூரை இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். திறந்த வண்டிக்காரர்களுக்கு அது ஓர் அற்ப ஆறுதல்.)

2017-இல் 8-ஆம் பதிப்பு கவச எண்களைத் தூக்கி எறிந்தது. 2023-இன் 10-ஆம் பதிப்பில் உங்கள் ட்ரக்குக்கு உறுதி 8, காயப்புள்ளி 10, காப்பு 4+ (பகடையில் 4 அல்லது அதற்கு மேல் விழுந்தால் அடி படாது). அதே போல்ட்டர், அதே 3+ குறி: காயப்படுத்த 6 விழ வேண்டும், அதிலும் பாதியைக் காப்பு தடுத்துவிடும். 18 குண்டுக்கு ஒரு காயம். வண்டியைச் சாய்க்க 180. நண்பரிடம் இந்த எண்ணைச் சொல்லுங்கள்.

பிறகு ஏன் உங்கள் ட்ரக்குகள் சாகின்றன? நடுத்தர ஆயுதங்களைக் கவனியுங்கள். எல்லோரும் லாஸ்கேனான் என்ற கனரக லேசர் பீரங்கிக்குத்தான் பயப்படுகிறார்கள்; ஆட்டோகேனான் என்ற நடுத்தரப் பீரங்கியைக் கண்டுகொள்வதில்லை. அதன் பலம் 9, காப்பை 1 குறைக்கும், சேதம் 3. நான்கு காயம் புகுந்தால் ட்ரக் முடிந்தது. அதற்குச் சராசரியாக 13 அல்லது 14 குண்டு. இதே ஆயுதத்தால் லேண்ட் ரெய்டர் என்ற கனத்த கவச வண்டியை (உறுதி 12, காயப்புள்ளி 16, காப்பு 2+) அழிக்க 81 குண்டு வேண்டும். ஆறு மடங்கு! லாஸ்கேனானில் இந்த இடைவெளி ஏறக்குறைய மூன்று மடங்குதான். ஆகவே ஆட்டம் தொடங்குமுன் எதிராளியின் பட்டியலில் சேதம் 2, 3 உள்ள ஆயுதங்களை எண்ணிப் பாருங்கள். அவை எங்கே நிற்கின்றனவோ அந்தத் திசைக்கு ட்ரக் காட்டக் கூடாது.

காட்டக் கூடாது என்றால் ஓர் அங்குலம்கூட. ட்ரக்கைச் சுவருக்குப் பின்னால் நிறுத்தி நிம்மதியாக இருப்பீர்கள். எதிராளி குனிந்து, தன் வீரனின் கண் மட்டத்துக்குத் தலையைத் தாழ்த்தி, “கொடி தெரிகிறது” என்பார். நீங்களே ஆசையாக ஒட்டிய கொடிக்கம்பம்தான் அது. 5-ஆம் பதிப்பில் வண்டியின் உடலைத்தான் பார்ப்பார்கள். கம்பம், ஆன்டெனா எல்லாம் கணக்கில் வராது. 10-ஆம் பதிப்பில் எந்தப் பகுதி தெரிந்தாலும் குறி வைக்கலாம். கொடியை வெட்டச் சொல்ல மனம் வரவில்லை. காந்தம் வைத்துக் கழற்றி மாட்டும்படி செய்துகொள்ளுங்கள்.

மூடிய வண்டி விஷயம். ஆர்க்குகளின் பெரிய வண்டியான பேட்டில்வேகனுக்கு மூடிய கவசம் போட்டால் உறுதி கூடும், ஆனால் உள்ளே இருப்பவர்கள் சுடும் வசதி போய்விடும். ட்ரக்கில் 12 பேரும் உள்ளிருந்தே சுடலாம். ஆர்க்குகளின் குறி லட்சணம் தெரிந்ததுதான் என்றாலும், சும்மா உட்கார்ந்து போவதைவிட அது மேல். நான் மாறமாட்டேன்.

இன்னொன்று, ட்ரக் அழிந்தால் எல்லாம் போயிற்று என்று நினைக்காதீர்கள். உள்ளே இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு பகடை. 1 விழுந்தால் ஒரு காயம். 12 பேரில் சராசரியாக இருவர்தான் சாவார்கள். மீதிப் பேர் வண்டியிலிருந்து 3 அங்குலத்துக்குள் இறங்கி நிற்க வேண்டும். அந்த இடம் வெட்டவெளியாக இருந்தால்தான் ஆபத்து; அடுத்த சுற்றில் அதே போல்ட்டர்கள் அவர்களை அறுத்துத் தள்ளும். ஒவ்வொரு நகர்வின் முடிவிலும் வண்டியைச் சுற்றி 3 அங்குலம் அளந்து பாருங்கள். பத்துப் பேர் மறைந்து நிற்க அங்கே இடம் இல்லையென்றால், 12 அங்குலம் போக முடிந்தாலும் 9-இலேயே நிறுத்திவிடுங்கள்.