அத்தியாயத்தை எண்ணிப் பார்த்து வாங்குங்கள்

கேள்வி: படம் பார்த்ததிலிருந்து ‘பொன்னியின் செல்வன்’ படிக்க வேண்டும் என்கிறாள் என் மகள். பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். கடைக்குப் போனால் பல பதிப்புகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை. எதை வாங்கட்டும்?
- ஜாலஹள்ளி வாசகி

பதில்: கல்கியின் எழுத்துகள் 1999-இல் நாட்டுடைமையாகிவிட்டன. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். ஆகவே விலை மலிவாக இருக்கிறதே, திருட்டுப் பதிப்போ என்று பயப்பட வேண்டாம். முழு நாவலும் உள்ளே இருக்கிறதா என்று மட்டும் கட்டாயம் பாருங்கள்.

பொருளடக்கத்தைத் திறந்து எண்ணுங்கள். நாவலுக்கு ஐந்து பாகம்: புது வெள்ளம் 57 அத்தியாயம், சுழற்காற்று 53, கொலைவாள் 46, மணிமகுடம் 46, தியாக சிகரம் 91. மொத்தம் 293. கடைசி அத்தியாயம் ‘மலர் உதிர்ந்தது’. அதற்குப் பிறகு கல்கியே எழுதிய முடிவுரை வர வேண்டும். அதை விட்டுவிட்ட பதிப்பை வாங்காதீர்கள். எண்ணிக்கை குறைந்தால் அது சுருக்கம்.

ஐந்து பாகத்தையும் ஒரே புத்தகமாகக் கட்டியது பார்க்க எடுப்பாக இருக்கும்; மெட்ரோவில் ஒரு கையில் பிடித்துப் படிக்க முடியாது. எழுத்தும் பொடியாக இருக்கும். முதுகில் வெறும் பசை போட்டு ஒட்டியிருந்தால், நடுப்பக்கத்தை நாலு முறை விரித்ததுமே தாள் கழன்றுவிடும். மேல்விளிம்பில் முதுகுப் பக்கம் உற்றுப் பாருங்கள்: தாள்கள் மடிப்பு மடிப்பாகத் தெரிந்தால் பெரும்பாலும் தைத்த கட்டு, ஒரே மட்டமாக இருந்தால் பசைக் கட்டு. உங்கள் மகளுக்குத் தனித்தனி ஐந்து பாகம்தான் சரி.

பணம் கொடுக்குமுன் பக்க எண்களை ஓட்டிப் பாருங்கள். புத்தகம் ஃபாரம் ஃபாரமாக, அதாவது மடித்துச் சேர்க்கும் பெரிய தாள்களாக அச்சாகிறது. ஒரு ஃபாரம் பெரும்பாலும் 16 பக்கம். பைண்டிங்கில் ஒன்று விட்டுப்போனால் 96-க்கு அடுத்து 113 வந்து நிற்கும். இல்லாவிட்டால் அதே ஃபாரம் இரண்டு தரம் வந்திருக்கும். வாங்கிய பிறகு தெரியவந்தாலும், பில்லை வைத்திருந்தால் மாற்றித் தரும்படி கேட்கலாம்.

அவென்யூ ரோட்டில் பழைய பிரதி கிடைத்தால் எங்களைப் போன்றவர்களுக்குக் கொண்டாட்டம். உங்கள் மகளுக்கு இப்போதைக்கு வேண்டாம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சானவற்றில் ணை, லை, ளை, னை எல்லாம் யானைத் தும்பிக்கை வைத்த பழைய வடிவத்தில் இருக்கும். ணா, றா, னா மூன்றும் சுழித்துக்கொண்டு வேறு மாதிரி நிற்கும். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர் வரிக்கு வரி தடுக்கி விழுவார்.

இன்னொன்று. வைணவரான ஆழ்வார்க்கடியான் சைவரோடு வாதாடும் இரண்டாம் அத்தியாயத்திலேயே புத்தகத்தை மூடிவிடுகிறவர்கள் உண்டு. ஆறாவது அத்தியாயமான ‘நடுநிசிக் கூட்டம்’ வரைக்கும் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கடம்பூர் மாளிகையில் சதி வெளிப்படும் இடம் அது. பிறகு கதையே இழுத்துக்கொண்டு போகும். 1950 முதல் 1954 வரை வாரத் தொடராக வந்த நாவல், அதனால்தான் பல அத்தியாயங்கள் ஏதாவது ஒரு முடிச்சைப் போட்டுவிட்டு நிற்கின்றன. நாளுக்கு இரண்டு அத்தியாயம் என்றால் ஐந்து மாதத்தில் முடியும். அவசரப்பட்டு விழுங்க வேண்டிய புத்தகம் இல்லை. வாங்குவதற்கு முன் முதல் பாகத்தை மட்டும் படித்துப் பார்க்க நினைத்தால் அல்சூர் தமிழ்ச் சங்கத்து நூலகத்தில் விசாரியுங்கள்.

கேள்வி: சிக்னலில் பெஸ்ட்செல்லர்களைப் பாதி விலைக்கும் குறைவாக விற்கிறார்கள். ஐ.எஸ்.பி.என். எண் சரியாகத்தானே இருக்கிறது?
- இந்திராநகர் வாசகர்

பதில்: ஐ.எஸ்.பி.என். என்பது புத்தகத்தின் அடையாள எண்தான்; அதை நம்பாதீர்கள். அசல் பிரதியை ஸ்கேன் செய்து அடிப்பதால் எண்ணும் பார்கோடும் அப்படியே வந்துவிடும். பக்கத்தைப் பாருங்கள். ஸ்கேன் ஆன அச்சில் எழுத்தின் விளிம்பு தடித்து, ஆங்கிலச் சிற்றெழுத்து ‘a’, ‘e’ இரண்டின் வயிறும் மை அடைத்திருக்கும். உள்ளே புகைப்படம் இருந்தால் முகம் கருத்துப்போயிருக்கும். சில பக்கங்களில் வரி லேசாகச் சாய்ந்திருக்கும். அசல் அட்டையில் தலைப்பு புடைத்திருந்தால் அட்டையைத் தடவிப் பாருங்கள். திருட்டுப் பிரதியில் பெரும்பாலும் வழவழவென்றுதான் இருக்கும்.

300 ரூபாய் புத்தகத்துக்கு 10 சதவீத ராயல்டி என்று ஒப்பந்தம் இருந்தால் எழுதியவருக்கு 30 ரூபாய் சேரும். சிக்னலில் வாங்கினால் அந்த முப்பதும் இல்லை. கையில் காசு குறைவென்றால் சர்ச் ஸ்ட்ரீட்டில் பழைய புத்தகமாக வாங்குங்கள். ஒருவர் காசு கொடுத்து வாங்கிய அசல் பிரதி கைமாறுவதில் எந்தத் தவறும் இல்லை.

கேள்வி: சுயமுன்னேற்ற நூல்களின் தமிழாக்கம் பத்துப் பக்கத்துக்கு மேல் ஓடுவதில்லை. குறை என்னிடமா?
- கே.ஆர்.புரம் வாசகர்

பதில்: உங்களிடம் இல்லை. கடையிலேயே நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, உரையாடல் உள்ள பகுதியை வாய்விட்டுப் படியுங்கள். ‘அவன் தோள்களைக் குலுக்கினான்’, ‘நாளின் முடிவில்’ என்றெல்லாம் ஆங்கிலத் தொடர் சொல்லுக்குச் சொல் வந்தால் வைத்துவிடுங்கள். நம் ஊரில் யாரும் தோளைக் குலுக்கிப் பதில் சொல்வதில்லை. ஒரே பத்தியில் ‘செய்யப்பட்டது’, ‘கூறப்படுகிறது’ நாலைந்து முறை வந்தாலும் அப்படியே. மொழிபெயர்ப்பாளர் பெயர் அட்டையிலோ முதல் பக்கத்திலோ இல்லாத புத்தகத்தை நாங்கள் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. நல்ல தமிழாக்கம் ஒன்று கிடைத்தால் அந்தப் பெயரைக் குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த முறை அவர் மொழிபெயர்த்த நூலாகவே கேட்டு வாங்குங்கள்.