டிரம்ப் போனால் எல்லாம் பழையபடி ஆகிவிடுமா?

போன வாரம் திருப்பூரிலிருந்து ஒரு குடும்பம், மகளின் மேற்படிப்பு பற்றி ஆலோசனை கேட்டு என்னிடம் வந்தது. அப்பா சின்னதாக பனியன் கம்பெனி வைத்திருக்கிறார். மகள் பி.காம் கடைசி வருடம். "பங்காளி பசங்க ரெண்டு பேரும் டல்லாஸ்ல இருக்காங்க சார். பாப்பாவையும் எம்.எஸ். அனுப்பலைன்னா சொந்தத்துல ஒரு மாதிரி பேசுவாங்க. டிரம்ப் 2029 வரைக்குந்தானுங்களே, அப்புறம் எல்லாம் பழையபடி ஆயிடுமுங்க" என்றார். வீட்டை அடமானம் வைத்து 50 லட்சம் கடன் வாங்க வங்கியில் பேசியும் முடித்துவிட்டார்.

கவலைப்படாதீர்கள் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அடமானம் என்றதும் அது தொண்டையிலேயே நின்றுவிட்டது.

ஐயா, இது ஒருவருடைய திடீர்க் கோபம் இல்லை. 2020 ஜூனிலேயே, முதல் முறை அதிபராக இருந்தபோது, அமெரிக்காவில் வேலை பார்ப்பதற்கான எச்-1பி விசாவில் புதிதாக வருவோரை அவர் நிறுத்தி வைத்தார். 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுவுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் என்றார். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 88 லட்சம் ரூபாய். அங்கேயே படித்துவிட்டு மாணவர் விசாவிலிருந்து எச்-1பிக்கு மாறுகிறவர்களுக்கு அது கிடையாது என்று அக்டோபரில் விளக்கம் வந்தது. பங்காளிகள் இதைச் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் டிசம்பரில் வந்த விதி, எச்-1பிக்கு ஆள் எடுக்கும் குலுக்கலையே மாற்றியது: சம்பள நிலை உயர உயர வாய்ப்பு அதிகம். படித்து முடித்த கையோடு முதல் வேலையில் சேரும் பிள்ளை கடைசியில்தான் நிற்கும்.

வேலை உள்ளூர்க்காரருக்கு, உற்பத்தி உள்ளூரில். ஓட்டுப் போட்டவர்களிடம் சொன்னதைத்தான் அவர் செய்கிறார். விசாக் கெடுபிடியும் இறக்குமதி வரியும் அதிலிருந்து வந்தவைதான். அடுத்து வருகிறவர் எல்லாவற்றையும் எடுத்துவிடுவார் என்று எப்படி நம்புவது? சீனப் பொருள்கள் மீது 2018-ல் அவர் போட்ட வரியை, பின்னால் வந்த பைடன் எடுக்கவில்லையே!

50 லட்சம், 11 சதவீத வட்டி, 10 வருடம் என்றால் மாதத் தவணை கிட்டத்தட்ட 69,000. அடுத்த அறிவிப்பு என்னவென்றே தெரியாத ஒரு நாட்டை நம்பி வீட்டுப் பத்திரத்தைக் கொடுக்காதீர்கள். இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

அதுவரை அந்தப் பெண் வாயே திறக்கவில்லை. உனக்கு என்னம்மா பிடிக்கும் என்றேன். 2025 ஆகஸ்ட் 27-ல் இந்தியப் பொருள்களுக்கான கூடுதல் வரி 50 சதவீதமானபோது, சரக்கு வாங்கும் அமெரிக்க பையருக்குக் கணக்குப் போட்டு அனுப்பியது இவள்தானாம். "காட்டன் டி-ஷர்ட்டுக்கு ஏற்கெனவே 16.5 சதவீதம் இருக்கு சார். அதே டி-ஷர்ட் பாலியஸ்டர்னா 32. அந்த 50 அதுக்கு மேல வந்துச்சு" என்றாள். அப்பா திரும்பி மகளைப் பார்த்தார்.

ஐ.டி., சி.ஏ., வங்கித் தேர்வு எல்லாம் உங்களுக்கே தெரியும், விடுங்கள். கஸ்டம்ஸ் புரோக்கர் வேலையைப் பற்றி யோசித்ததுண்டா? சி.எச்.ஏ. என்று நீங்கள் சொல்வீர்களே, ஏற்றுமதி இறக்குமதிச் சரக்குக்குச் சுங்கத்துறையில் ஆவணம் தாக்கல் செய்து கொடுப்பவர், அதுதான். 'துறைமுகத்தில் பேப்பர் தள்ளுகிற வேலை' என்றுதான் பலருக்கும் நினைப்பு. ஒரு சட்டை பின்னல் துணியா நெய்த துணியா என்பதைப் பொறுத்து சுங்க வரிப் பட்டியலில் அது 61-ஆம் அத்தியாயமா 62-ஆ என்று மாறும், வரியும் மாறும். அந்தப் பட்டியலில் ஒவ்வொரு சரக்குக்கும் உள்ள குறியீட்டு எண்ணின் முதல் 6 இலக்கம் உலகுக்கே பொது. இந்தியாவில் அது 8 வரை போகும், அமெரிக்காவில் 10. ஏற்றுமதிக்குத் தாக்கல் செய்யும் ஷிப்பிங் பில்லில் ஓர் எண் தப்பினால் சரக்கு தூத்துக்குடியிலேயே நின்றுவிடும். அமெரிக்கா வரியை ஏற்றியதும் உங்கள் ஊர்க்காரர்கள் வேறு சந்தை தேடினார்கள் அல்லவா? ஐக்கிய அரபு அமீரகத்தோடு 2022 மே முதல் வர்த்தக ஒப்பந்தம் நடப்பில் இருக்கிறது, சுவிட்சர்லாந்து, நார்வே அடங்கிய எஃப்டா நாடுகளோடு 2025 அக்டோபர் முதல். பிரிட்டனோடு 2025 ஜூலையில் கையெழுத்தானது. இவற்றில் வரிச் சலுகை வேண்டுமென்றால் சரக்கு இங்கேதான் உருவானது என்று காட்ட வேண்டும். துணி எங்கிருந்து வந்தது, இங்கே என்ன வேலை நடந்தது என்று விதிகளைப் பிரித்துப் படிக்கிற ஆள் வேண்டும். டிரம்ப் வரியை ஏற்றினாலும் இறக்கினாலும் இந்த ஆளுக்கு வேலை உண்டு.

வழி இதுதான். உரிமம் பெற்ற ஒரு புரோக்கரிடம் வேலைக்குச் சேர்ந்து, சுங்கத்துறைத் தேர்வு எழுதி, புரோக்கரின் ஊழியராகச் சுங்க வேலை பார்க்க அனுமதிக்கும் ஜி கார்டு வாங்க வேண்டும். பட்டதாரியாக இருந்து, ஜி கார்டோடு 2 வருடம் வேலை பார்த்தால், சொந்த உரிமத்துக்கான தேர்வை எழுதலாம். நாசின் என்கிற சுங்கத்துறைப் பயிற்சி நிறுவனம் நடத்துகிறது. எழுத்துத் தேர்வும் உண்டு, வாய்மொழித் தேர்வும் உண்டு. லேசான தேர்வு இல்லை. ஆரம்பச் சம்பளத்தைப் பார்த்தால் பங்காளிகள் சிரிப்பார்கள். ஆனால் கடன் ஒரு ரூபாய்கூட இல்லை.

"பொம்பளப் புள்ள துறைமுகத்துலயா சார்?" என்றார் அம்மா. பெரும்பாலான தாக்கல் இப்போது சுங்கத்துறையின் ஐஸ்கேட் இணையதளத்தில்தான் நடக்கிறது என்று மகளே பதில் சொன்னாள். பரீட்சை முடிந்ததும், அப்பாவின் சரக்கை அனுப்பும் புரோக்கர் அலுவலகத்தில் இரண்டு மாதம் உட்கார்ந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அதுவரைக்கும் வங்கிப் பக்கம் போக வேண்டாம் என்று அப்பாவிடம் கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.