மாமா கேட்கும் கம்ப்யூட்டர் சயின்ஸும் தம்பி பார்த்த ரேக்கும்

போன வியாழக்கிழமை விழுப்புரத்தில், மேல்படிப்புக்கு ஆலோசனை சொல்லும் என் அலுவலகத்துக்கு ஓர் அம்மா தன் மகனோடு வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. அதில் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல், இரண்டு கல்லூரிகளின் பளபளப்பான கையேடுகள், அடியில் வீட்டுப் பத்திரத்தின் ஜெராக்ஸ். கணவர் மளிகைக் கடையில் கணக்கு எழுதுகிறார். பையன் மெட்ரிக் பள்ளியில் படித்தவன், கட் ஆஃப் 200-க்கு 118. சென்னையில் ஐ.டி.யில் இருக்கும் தாய்மாமா, "எப்படியாவது கம்ப்யூட்டர் சயின்ஸ்ல சேர்த்துடுங்க, அப்புறம் நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லியிருக்கிறார். மேனேஜ்மென்ட் கோட்டாவில் ஒரு சீட்டுக்கு ஐம்பதாயிரம் அட்வான்ஸும் கட்டியாகிவிட்டது.

அம்மா பேசிக்கொண்டே இருந்தார். பையன் என் தலைக்கு மேல் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்த்தேன். இன்டர்நெட் போட்டவர்கள் சுவரில் மாட்டிவிட்டுப் போன சின்ன ரேக். கருவிகளை மாட்டும் இரும்புச் சட்டம் அது. உள்ளே இன்டர்நெட் ஒயர்களைப் பிரித்துக் கொடுக்கும் ஒரு ஸ்விட்ச், ஒரு ரூட்டர்.

"என்ன தம்பி?"

"சார், இந்த ரேக்குக்கு எர்த் கொடுக்கவே இல்லை. பச்சை ஒயரைச் சுருட்டி உள்ளேயே வெச்சிருக்காங்க."

மூன்று வருஷமாக அதன் கீழேதான் உட்கார்ந்திருக்கிறேன். எனக்குத் தெரியாது. தெருவில் பிராட்பேண்ட் கொடுக்கும் அண்ணனோடு லீவு நாளெல்லாம் சுற்றுவானாம். "அதனாலதான் சார் மார்க்கு போச்சு" என்றார் அம்மா.

வருகிறவர்களுக்கு முதலில் கொஞ்சம் ஆறுதல் சொல்லித்தான் ஆரம்பிப்பேன். அன்று அதற்கு மனம் வரவில்லை. அந்த அம்மாவிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். இந்தப் பருவத்தில் இதே மஞ்சள் பையோடு வருகிற மூன்றாவது குடும்பம் அது.

முதலில் பணம். நான்கு வருஷத்துக்கு டொனேஷன், ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் சேர்த்து 12 லட்சம் ஆகும் என்று அவர்களே கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். அதில் 8 லட்சம் வங்கிக் கடன். கல்விக் கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் பொதுவாகச் சொத்து அடமானம் கேட்பார்கள். ஜெராக்ஸ் பைக்குள் வந்த கதை அதுதான். 8 லட்சத்துக்கு 11 சதவீத வட்டி, பத்து வருஷத் தவணை என்று வைத்தால் மாதம் சுமார் 11,000 ரூபாய். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டியை இதில் நான் சேர்க்கவே இல்லை. அந்த வீட்டின் மாத வருமானம் என்ன என்று கேட்டேன். அம்மா சொன்ன தொகையை இங்கே எழுத வேண்டாம். பத்திரத்தை வங்கியில் வைக்காதீர்கள் என்று சொன்னேன், இரண்டு முறை சொன்னேன்.

டொனேஷன் விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் வாங்குவதைத் தடை செய்து தமிழ்நாட்டில் 1992-லேயே சட்டம் வந்துவிட்டது. ரசீது தர மாட்டோம் என்று சொல்லும் பணம் எந்த வகை என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ரசீதோடு கட்டிய அட்வான்ஸ் வேறு. வகுப்பு தொடங்கும் முன் சீட்டை வேண்டாம் என்று எழுத்தில் கொடுத்தால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது என்பது, தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கு அனுமதி தரும் ஏஐசிடிஇ-யின் விதி. ஒரிஜினல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கவும் கூடாது. "கேட்டா தர மாட்டாங்க சார்" என்றார் அம்மா. கேட்காமல் எப்படித் தெரியும்?

இரண்டாவது, பையன். கணக்கில் 62. சி புரோகிராம் என்றால் முகம் சுருங்குகிறது. ஆனால் எதிரே உட்கார்ந்தபடியே எர்த் இல்லை என்று பார்த்துச் சொல்கிறான். நான்கு வருஷம் பிடிக்காததைக் கடன் வாங்கிப் படித்து, அரியர் ஏழெட்டு வைத்து, கடைசியில் மாமா கம்பெனி வாசலில் பயோடேட்டாவோடு நின்ற பையன்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மாமா கெட்டவர் இல்லை. அவர் ஏறிய ஏணி அவருக்குத் தெரியும், அதைக் காட்டுகிறார். ஆனால் அவர் எழுதும் புரோகிராம் எங்கே ஓடுகிறது? அம்பத்தூரிலோ சிறுசேரியிலோ இருக்கும் ஏதோ ஒரு கட்டடத்தில், யாரோ ஒருவர் திருகாணி முடுக்கி நிறுத்திய ரேக்கில் அது ஓடிக்கொண்டிருக்கலாம். கடலுக்கடியில் வரும் கேபிள்கள் சென்னையில் கரையேறுகின்றன. சர்வர்களை ரேக் ரேக்காக நிறுத்தியிருக்கும் டேட்டா சென்டருக்கென்றே தமிழ்நாடு அரசு 2021-இல் தனிக் கொள்கை வெளியிட்டது. அரசின் டான்ஃபிநெட் திட்டத்தில் 12,525 ஊராட்சிகளுக்கு ஃபைபர் கேபிள் வழி இன்டர்நெட். கேபிள் போய்ச் சேரும் இடமெல்லாம் ஒரு ரேக் வேண்டும். அதை ஒழுங்காக நிறுத்த ஆள் வேண்டும்.

பி.சி.ஏ., பாராமெடிக்கல், கேட்டரிங் பற்றியெல்லாம் எங்கும் கிடைக்கும், அதை விடுகிறேன். இந்த ரேக் வேலையைப் பற்றித்தான் யாரும் சொல்வதில்லை.

"பொட்டி மாட்டுறதுக்கு ஒரு படிப்பா?" என்று மாமா போனில் சிரித்தாராம். சரி, பெட்டி மாட்டுவதைப் பார்ப்போம்.

ரேக்கின் முன்பலகை அகலம் 19 அங்குலம், அதாவது 482.6 மில்லிமீட்டர். உயரத்தை 'யூ' கணக்கில் சொல்வார்கள். ஒரு யூ என்பது 44.45 மில்லிமீட்டர். ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும் பெரிய ரேக் பெரும்பாலும் 42 யூ. தூணில் ஒவ்வொரு யூவுக்கும் மூன்று ஓட்டைகள். பார்த்தால் எல்லாம் ஒரே இடைவெளி போலத்தான் இருக்கும். இல்லை. 15.9, 15.9, அப்புறம் 12.7 மில்லிமீட்டர், மறுபடி அதே வரிசை. நெருக்கமாக இருக்கும் அந்த இரண்டு ஓட்டைகளுக்கு நடுவில்தான் ஒரு யூ முடிந்து அடுத்தது தொடங்குகிறது. இது தெரியாமல் ஓர் ஓட்டை தள்ளி, திருகாணியைப் பிடிக்கும் கேஜ் நட்டை மாட்டினால் மேல் பெட்டி உட்காராது, அல்லது இடது பக்கம் ஒரு உயரம், வலது பக்கம் ஒரு உயரம் என்று கோணிக்கொண்டு நிற்கும். அந்த கேஜ் நட் இருக்கிறதே, சதுர ஓட்டைக்குள் இரண்டு காதையும் அழுத்தி நுழைக்க வேண்டும். அதற்கென்று வளைந்த ஒரு சின்னத் தகடு உண்டு. அது இல்லாமல் கட்டைவிரலால் அழுத்துபவர்களின் நகக்கண்ணைப் பார்த்தாலே தெரியும்.

எடை அடுத்தது. 48 போர்ட், அதாவது ஒயர் சொருகும் 48 வாய் உள்ள ஸ்விட்ச்சை ஒருவர் தூக்கலாம். டிஸ்க் நிறைந்த 2 யூ சர்வர் முப்பது கிலோ வரும். யூ.பி.எஸ். பேட்டரிப் பெட்டி அதைவிட மோசம். கனமானது கீழே, இலேசானது மேலே. அடியிலிருந்து நிரப்பிக்கொண்டே மேலே போக வேண்டும். முதல் பெட்டியைத் தூக்கும் முன்பே ரேக்கைத் தரையோடு போல்ட் போட்டிருக்க வேண்டும், அல்லது சாயாமல் தாங்கும் கால்களை முன்னால் இழுத்து விட்டிருக்க வேண்டும். தண்டவாளம் போன்ற ரெயிலில் இருக்கும் சர்வரை வெளியே இழுத்தால் அதன் எடை முழுவதும் முன்பக்கம் வந்துவிடும். அதனால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் இழுக்கலாம். இரண்டு பேர் அடியைப் பிடித்துத் தூக்க, மூன்றாமவர் திருகாணி போட வேண்டும். முதலில் கீழ்த் திருகாணி, எடையைத் தாங்குவது அதுதான். பவர் சப்ளையின் பிடியைப் பிடித்துத் தூக்கக் கூடாது. அது உருவிக்கொண்டு வருவதற்காக வைத்த பிடி.

நான் முன்பு லேப் உதவியாளராக இருந்த ஒரு கல்லூரியில், தரையில் தண்ணீர் வரும் என்று பயந்து யூ.பி.எஸ்.ஸை ரேக்கின் மேல்தட்டில் வைத்தோம். தரையில் போல்ட்டும் இல்லை. ஒருநாள் ஒயர் மாற்ற முன்பக்கமாக இழுத்தபோது ரேக்கே சாய்ந்தது. கூட வேலை பார்த்தவருக்குக் கால் விரல் இரண்டு முறிந்தது. எங்களுக்கு யாரும் கற்றுத் தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

தம்பி கவனித்த எர்த். மின்சாரம் கொடுக்கும் முன்பு முதலில் மாட்ட வேண்டியது அதைத்தான். கழற்றும்போது கடைசியில் கழற்ற வேண்டியதும் அதைத்தான். ரேக்கின் பெயின்ட் மேல் லக்கை, அதாவது எர்த் ஒயரின் உலோக முனையை வைத்து முடுக்கினால் பார்க்க எர்த் போலத்தான் இருக்கும், மின்சாரம் போகாது. பெயின்டைச் சுரண்டி உலோகம் தெரிய வேண்டும், அல்லது பல் வைத்த ஸ்டார் வாஷர் பெயின்டைக் கடித்துக்கொண்டு உள்ளே இறங்க வேண்டும். இதை அவனிடம் சொன்னபோது, "அதான் சார் அண்ணன் உப்புத்தாள் வெச்சுத் தேய்ப்பாரு" என்றான். காரணம் தெரியாமல் செய்முறை தெரிந்திருக்கிறது. காரணத்தைச் சொல்லித்தரத்தான் படிப்பு.

பெரிய கருவிகளுக்கு இரண்டு பவர் சப்ளை இருக்கும். தனித்தனியாக வரும் இரண்டு மின் இணைப்புகளில் ஒன்று ஏ லைனில், இன்னொன்று பி லைனில். ஒன்று போனால் மற்றது மொத்தச் சுமையையும் தாங்க வேண்டும். ஆகவே இரண்டிலும் பாதிக்கு மேல் ஏற்றக் கூடாது. ஒரு ஒயரைப் பிடுங்கிவிட்டுப் பெட்டி செத்துவிட்டது என்று நினைத்துக் கையை உள்ளே விட்டால் இன்னொரு ஒயரில் மின்சாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். மோதிரம், காப்பு, கைக்கடிகாரம் மூன்றையும் கழற்றி வைத்துவிட வேண்டும். பேட்டரி முனையில் மோதிரம் பட்டால் வோல்ட் குறைவு என்பது உதவாது, விரல் வெந்துவிடும். கருவிக்குள் இருக்கும் சர்க்யூட் கார்டு மாற்றும்போது மணிக்கட்டில் கட்டும் பட்டையில் ஒரு மெகாஓம் தடை இருக்கும். உடம்பில் தேங்கிய மின்னூட்டம் மெதுவாக இறங்கவும், தவறி மின்சாரம் பட்டால் ஆளைக் கொல்லாமல் இருக்கவும் அந்தத் தடை.

காற்று எந்தப் பக்கம் போகிறது என்பது இன்னொரு பாடம். முன்பக்கம் குளிர்காற்று, பின்பக்கம் அனல். ஸ்விட்ச்சைத் திருப்பி மாட்டினால் அது பின்பக்க அனலைக் குடிக்கும். சிஸ்கோ கம்பெனியின் நெக்ஸஸ் வகை ஸ்விட்ச்சில் ஃபேன் பிடியின் நிறமே சொல்லும். நீலம் என்றால் காற்று போர்ட் பக்கமாக வெளியேறும், செம்பழுப்பு என்றால் போர்ட் பக்கமாக உள்ளே போகும். காலியாக இருக்கும் யூக்களை வெற்றுத் தகடு போட்டு மூட வேண்டும், இல்லாவிட்டால் அனல் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்துவிடும். ஃபைபர் முனையைக் கண்ணால் பார்க்கக் கூடாது. 1310, 1550 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணுக்குள் போகும். இது அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. "பவர் மீட்டர்லதான் சார் பாக்கணும்."

இது பெட்டி மாட்டுவதுதான், மாமா. தவறினால் கால் முறியும், அல்லது ஒரு வங்கியின் கிளைகள் அத்தனையும் அரைநாள் முடங்கும்.

கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பச் சம்பளம் மாமாவின் சம்பளத்தோடு ஒப்பிடும்படி இருக்காது. ஷிஃப்ட் உண்டு. பழுதும் மாற்றமும் பெரும்பாலும் நள்ளிரவில்தான் நடக்கும். உள்ளே ஃபேன் சத்தம் காதைக் கிழிக்கும், முன்பக்கம் குளிரும், பின்பக்கம் வேர்க்கும். ஒப்பந்த வேலைதான் முதலில் கிடைக்கும். பாதுகாப்பு ஷூ, காப்பீடு, இ.எஸ்.ஐ. உண்டா என்று கேட்காமல் சேர்க்கக் கூடாது. தூக்கும் கருவி இல்லாமல் தனியாளாக சர்வர் தூக்கச் சொல்லும் இடமாக இருந்தால், அன்றே வீட்டுக்கு வந்துவிடச் சொல்லுங்கள்.

வழி இதுதான். பிளஸ் டூவில் கணக்கு, இயற்பியல், வேதியியல் படித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். இரண்டே வருஷம். அரசு பாலிடெக்னிக் என்றால் வருஷத்துக்குச் சில ஆயிரம் ரூபாய்தான். இவனுக்கு நான் சொல்வது எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன், கிடைக்காவிட்டால் எலெக்ட்ரிக்கல். கம்ப்யூட்டர் டிப்ளமோ வேண்டாம். எர்த்தும் லோடும் தெரிந்தவன் நெட்வொர்க்கை அப்புறம் கற்றுக்கொள்வான். அதற்கு சிஸ்கோவின் நெட்வொர்க்கிங் அகாடமியில் இலவசப் பாடங்கள் இருக்கின்றன. சிஸ்கோவின் நெட்வொர்க் சான்றிதழுக்கான சி.சி.என்.ஏ. தேர்வுக்கு இப்போதே பணம் கட்ட வேண்டாம், 300 டாலர் அளவுக்குக் கட்டணம். வேலையில் சேர்ந்த பிறகு எழுதட்டும். டிப்ளமோ முடித்ததும் ஒரு வருஷம் அப்ரென்டிஸ். அதற்குத் தென்மண்டலத் தொழில்பழகுநர் பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது, உதவித்தொகையோடு பயிற்சி. அதற்குப் பிறகு பி.இ. ஆசை வந்தால் நேரடி இரண்டாம் ஆண்டு அவனுக்குத் திறந்தே இருக்கும், அப்போது ஃபீஸில் ஒரு பகுதியை அவனே கட்டுவான்.

"சொந்தக்காரங்ககிட்ட டிப்ளமோன்னு எப்படி சார் சொல்றது?" என்றார் அம்மா. அவர்கள் யாரும் அந்த 11,000-ஐ மாதாமாதம் கட்டப் போவதில்லை என்றேன். அவர் பத்திர ஜெராக்ஸை எடுத்து நான்காக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறேன். அட்வான்ஸ் ரசீது, மதிப்பெண் பட்டியல், டி.சி., சாதிச் சான்றிதழ் எல்லாம் ஒரிஜினலாக வேண்டும். சீட்டை வேண்டாம் என்று எழுதும் கடிதத்தை இங்கேயே உட்கார்ந்து எழுதிவிடலாம். மாமாவையும் அழைத்து வாருங்கள். அன்றைக்கு லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியன் ஒருவர் வந்து என் ரேக்குக்கு எர்த் போடுகிறார். தம்பி கூட நின்று பெயின்டைச் சுரண்டட்டும், மாமா நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கட்டும்.