அடுத்த மொடலுக்கு இப்பவே அட்வான்ஸ் கட்டலாமா?

கேள்வி: வெள்ளவத்தையில் இருக்கிறேன். 200 சீசீ பல்சர் ஓடுகிறேன். யாழ்ப்பாணம், திருகோணமலை, நக்கிள்ஸ் மலைப்பக்கம் என்று தூர ஓட்டத்துக்கு ஒரு பெரிய அட்வென்ச்சர் டூரிங் பைக் வாங்க ஆசை. தெரிந்த தரகரிடம் இங்கே பதிவான பீஎம்டபிள்யூ ஆர் 1250 ஜீஎஸ் ஒன்று இருக்கிறது. ஆனால் அவரே, "அடுத்த தலைமுறை பைக்கில் கியர் தானாக விழும், ரேடார் இருக்கும். இப்பவே 10 இலட்சம் கட்டினால் முதலில் வருவது உங்களுக்கு" என்கிறார். காத்திருப்பதா, இருப்பதை வாங்குவதா?

பதில்: 10 இலட்சத்தைக் கட்டாதீர்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

தரகர் அடுத்த தலைமுறை என்று சொல்வதில் முக்கால்வாசி ஏற்கனவே வந்துவிட்டது. முன்னும் பின்னும் ரேடாரோடு டுகாட்டி மல்டிஸ்ட்ராடா வி4 வெளியானது 2020இல். ஹொண்டா ஆப்ரிக்கா ட்வினில் கிளச் லீவரே இல்லாத டீசீடீ என்ற தானியங்கி கியர் 2016இலேயே இருந்தது. பீஎம்டபிள்யூ 2023இல் ஆர் 1300 ஜீஎஸ்ஸையும் 2024இல் அதற்குரிய தானியங்கிக் கிளச்சையும் கொண்டுவந்தது. கேடீஎம் 2024 நவம்பரில் தானியங்கி கியரோடு 1390 அட்வென்ச்சர் பைக்கைக் காட்டிவிட்டு அதே மாதக் கடைசியில் கடன் தாளாமல் நீதிமன்றம் போனது. கடைசியில் அந்தக் கம்பனியைக் கையில் எடுத்தது நம்முடைய முச்சக்கர வண்டிப் பஜாஜ்தான்.

இனி என்ன வரும் என்று கேட்டால் என் ஊகம் இது: கிளச் லீவர் மெல்ல மெல்லக் காணாமற்போகும். எடை குறையும்; 1250 ஜீஎஸ் 249 கிலோ, 1300 ஜீஎஸ் 237. எஞ்சின் இதற்கு மேல் பெருக்காது. ஹொண்டா மின்சாரக் கம்பிரசர் பூட்டிய மூன்று சிலிண்டர் எஞ்சினைக் காட்டியிருக்கிறது; சின்ன எஞ்சினில் பெரிய இழுவை எடுக்கும் அந்த வழியில்தான் மற்றவர்களும் போவார்கள்.

இதில் உங்களுக்கு எவ்வளவு பயன்? முன்னால் போகும் வாகனத்தைப் பார்த்து வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் ரேடார், அதிவேகப் பாதைக்கான சாமான். நம் நாட்டு அதிவேகப் பாதையில் மோட்டார் சைக்கிளுக்கு இடமில்லை. 660 சீசீ வாகன் ஆர் போகலாம், 1300 சீசீ ஜீஎஸ் போகக்கூடாது; இந்த விதியை எழுதியவர்களிடம் காரணம் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. காலி வீதியில் ரேடாரைப் போட்டீர்களானால் 100ஆம் இலக்க பஸ் குறுக்கே வெட்டும்போதெல்லாம் பைக் தானாகச் சுணங்கும், பின்னால் வருபவன் ஹோன் அடிப்பான். அது பழுதானால் கராஜ் பாஸ் கழற்றிப் பூட்டலாம். ஆனால் கம்பனிக் கணினியை இணைக்காமல் பிழை விளக்கு அணையாது. கொழும்பில் அந்தக் கணினியை யார் இணைப்பார் என்று தரகரிடம் கேளுங்கள். "பாஸுக்குத் தெரியும்" என்றால் கும்பிட்டுவிட்டு வாருங்கள்.

அட்வான்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். ஒரு வர்த்தமானி இரவோடிரவாக வந்தால் கதை மாறும். சுங்கத் தீர்வை, உற்பத்தி வரி, எல்லாவற்றுக்கும் மேல் 18% வற். இந்த நிலையில் அடுத்த வருட விலையை நிதியமைச்சே சொல்லமாட்டாது, தரகர் எப்படிச் சொல்வார்? அவர் தரும் பற்றுச்சீட்டைப் பாருங்கள்: கம்பனி பெயர் இருக்காது, கைபேசி இலக்கம்தான் இருக்கும். உண்மையாகவே புதிதாக இறக்குவதானால் கம்பனியின் முகவரிடம் எழுத்தில் வாங்கி, வங்கியில் உங்கள் பெயரில் எல்சீ (இறக்குமதிக்கான வங்கி நாணயக் கடிதம்) திறவுங்கள்.

ஆகவே அந்த 1250ஐப் பார்ப்போம். முதலில் திகதி. 1250 ஜீஎஸ் வெளிவந்ததே 2018 கடைசியில். பதிவுப் புத்தகத்தில் உற்பத்தி வருடம் 2015 என்றிருந்தால், ஓடாத பழைய பைக் ஒன்றின் புத்தகத்தில், உதிரிப்பாகமென்று வந்து இங்கே பொருத்தப்பட்ட பைக் ஏறியிருக்கிறது. 2022இல் முதற்பதிவு என்றால், தடை இருந்த காலத்தில் எப்படி வந்தது என்று சுங்கத் தாளோடு விளக்கச் சொல்லுங்கள். பிறகு ஹாண்டிலை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி, கழுத்தருகே சட்டத்தில் குத்தியிருக்கும் 17 எழுத்து இலக்கத்தை டோர்ச் அடித்துப் பாருங்கள். ஜெர்மனியில் செய்த 1250 ஜீஎஸ்ஸுக்கு அது டபிள்யூபீ1 என்று தொடங்கும். எழுத்துகள் மேலும் கீழுமாக நின்றாலோ, அந்த இடத்தில் மட்டும் பெயின்ட் புதிதாக மின்னினாலோ விலை பேசவே வேண்டாம்.

ஓபன் பேப்பரில் வாங்கவே கூடாது. பதிவு உரிமையாளரின் கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவத்தை நம்பிப் பணம் கொடுத்தவர்கள், அவர் கனடா போன பிறகு என்னிடம் வருகிறார்கள்.

பணம் கொடுக்கும் அன்றே பெயரை மாற்றிவிட வேண்டும் என்பதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அதை விரிவாகச் சொல்ல வேண்டும். பைக் லீஸிங்கில் இருந்தால், புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் பைனான்ஸ் கம்பனியின் பெயர் இருக்கும். அப்போது விற்பவர் நேர்மையானவர் என்றாலும் அன்றே பெயர் மாற்ற முடியாது. அதற்காகப் பயந்து ஓட வேண்டியதில்லை. மிச்சக் கடன் எவ்வளவு என்று கம்பனியிடமிருந்து கடிதம் எடுப்பியுங்கள். அந்தத் தொகையை விற்பவர் கையில் கொடுக்காமல், அவரையும் கூட்டிக்கொண்டு போய் நேரே கம்பனிக் கவுண்டரில் கட்டுங்கள். கடன் தீர்ந்ததென்ற கடிதமும் உரிமை நீக்கத் தாளும் வரும்வரை மீதிப் பணத்தை வைத்திருங்கள். பைக் யாரிடம் நிற்பது என்பதையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். தரகர் "நான் கட்டிவிடுகிறேன்" என்று கை நீட்டுவது இந்த இடத்தில்தான்.

தாள்கள் சரியென்றால் 1250ஐ எடுங்கள். 95 ஒக்டேன் போடுங்கள்; மன்னார், பூநகரி வழியால் போகும்போது எல்லாப் பெற்றோல் செட்டிலும் அது கிடைக்காது, ஆகவே புத்தளத்திலேயே டாங்கை நிரப்புங்கள். பெயர் மாற்ற நாரஹேன்பிட்டி மோட்டார் வாகனத் திணைக்களத்துக்குத் தரகரை அனுப்பாமல் லீவு போட்டு நீங்களே போங்கள். ஒரு ஜன்னலில் ஏற்ற படிவத்தை அடுத்த ஜன்னலில் திருப்பித் தருவார்கள். அடையாள அட்டைப் பிரதியைக் கூடுதலாகவே எடுத்துப் போங்கள்.