கல் பங்களாவைச் சுற்றி இருந்த தோட்டத்தில் இப்போது பார்க்க என்ன இருக்கிறது?

ஊட்டியின் முதல் ஐரோப்பிய வீடான கல் பங்களாவை விட்டுவிட்டு, அதைச் சுற்றியுள்ள தோட்டத்தை மட்டும் கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. பெரும்பாலானவர்கள் கட்டடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள்.

கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1822-ல் இதைக் கட்டத் தொடங்கினார். இப்போது அது அரசு கலைக் கல்லூரி வளாகம். அவர் வைத்ததாகச் சொல்லப்படும் ஓக் மரம்தான் அங்கே முக்கியம். ஓக் இந்த மலைக்கு உரிய மரம் இல்லை. நீலகிரியின் உயரமான பகுதிகளில் இயற்கையாக இருந்தவை புல்வெளியும், பள்ளங்களில் ஒதுங்கிய சோலைக்காடும்தான். ஆக, அந்தத் தோட்டமே ஒரு வெளியூர் நினைப்பு. உருளைக்கிழங்கு போன்ற குளிர்நாட்டுக் காய்கறிகளை இந்த மலையில் பரப்பியதிலும் சல்லிவனுக்குப் பெரிய பங்கு உண்டு. இன்று ஊட்டி மார்க்கெட்டில் மூட்டை மூட்டையாக இறங்குவதற்கு அது ஒரு தொடக்கம்.

சரிவில் தோட்டம் போடுவது எப்படி என்று பார்க்க வேண்டுமானால் அரசு தாவரவியல் பூங்காவுக்குப் போங்கள். 1848-ல் வேலை தொடங்கிய அந்தப் பூங்காவை மெக்ஐவர் என்ற தோட்டக்கலை நிபுணர் தொட்டபெட்டா மலைச் சரிவில் படிக்கட்டு போல அடுக்கடுக்காக அமைத்தார். படி இல்லாவிட்டால் ஒரு நல்ல மழைக்கே மேல்மண் அடித்துக்கொண்டு போய்விடும். அப்புறம், உறைபனி பள்ளத்தில்தான் அதிகம் தேங்கும். அதனால் மென்மையான செடிகளுக்கு நடுச்சரிவு நல்லது. டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் போனால் கீழ்ப்புல்வெளி வெளுத்துக் கிடப்பதைப் பார்க்கலாம்.