கடல்நீர்த் தொட்டிக்குச் சமையலறை ஆர்.ஓ. நீர் போதுமா?

கேள்வி: சென்னை வேளச்சேரியில் வசிக்கிறேன். என்னிடம் உள்ள 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டியில் இரண்டு கிளவுன் மீன்களும், சில பவளங்களும், ஓர் இறாலும் இருக்கின்றன. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 40 லிட்டர் நீரை மாற்றுகிறேன். எங்கள் போர்வெல் நீரின் டி.டி.எஸ். (ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் பொருள், மில்லிகிராமில்) 1,100, வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து வரும் நீரில் 70. அதில்தான் உப்பைக் கலக்கிறேன். ஆறு மாதமாக மணல்மீது பழுப்புப் படலம் விடாமல் படர்கிறது. இந்த நீர் போதாதா? கேன் தண்ணீர் வாங்க வேண்டுமா?

பதில்: பழுப்புப் படலத்தைக் கண்டதும் விளக்கின் மீதோ தீனியின் மீதோ பழி போடத் தோன்றும், நீங்கள் எழுதியதைப் படித்தபின் நான் முதலில் சந்தேகிப்பது நீரைத்தான். சமையலறை ஆர்.ஓ. இயந்திரம் குடிப்பவரின் நாக்குக்காகச் செய்யப்பட்டது. உப்பைத் தடுத்து நீரை மட்டும் விடும் மெல்லிய சவ்வான மெம்பரேனைக் கடந்து வரும் நீர் சப்பென்று இருக்கும் என்பதால், டி.டி.எஸ். கன்ட்ரோலர் என்ற சிறு திருகின் வழியாக, மெம்பரேனைத் தொடாத நீரில் ஒரு பங்கை அதனுடன் கலந்துவிடுகிறார்கள். மெம்பரேன் மட்டும் தரும் நீர் 40 என்று வைத்துக்கொண்டால், அது 70 ஆவதற்கு உங்கள் போர்வெல் நீர் நூற்றுக்கு ஏறத்தாழ மூன்று பங்கு சேர்ந்திருக்க வேண்டும். அதில் வரும் சிலிக்கேட்டைக் கொண்டுதான் டயாட்டம் என்னும் பழுப்புப் பாசி தன் ஓட்டைக் கட்டிக்கொள்கிறது. உடன் வரும் நைட்ரேட் அதற்கு உரமாகிறது.

இயந்திரத்தின் மூடியைக் கழற்றி இன்னும் இரண்டைப் பாருங்கள். உப்புப் படியாமலிருக்க மெம்பரேனுக்கு முன்னால் வைக்கப்படும் ஆன்டிஸ்கேலன்ட் உருண்டைகள் பெரும்பாலும் பாஸ்பேட் சேர்மங்களே. கன்ட்ரோலருக்கான குழாய் அதற்குப் பின்னாலிருந்து பிரிந்தால், அந்தப் பாஸ்பேட்டும் தொட்டிக்கு வந்துசேரும். மற்றது, இப்போது பல இயந்திரங்களில் கடைசியில் பொருத்தப்படும் காப்பர் கார்ட்ரிட்ஜ். செம்பு நமக்கு நல்லதென்று விற்கப்பட்டாலும், இறாலுக்கும் நத்தைக்கும் பவளத்துக்கும் அது மிகக் குறைந்த அளவிலேயே நஞ்சு. உங்கள் இயந்திரத்தில் அது இருந்தால், அந்த நீரில் ஒரு குவளை கூட இனி தொட்டிக்குள் போகக் கூடாது.

இதற்காகப் புதிய இயந்திரம் வாங்க வேண்டியதில்லை. மெம்பரேனிலிருந்து வரும் மெல்லிய குழாயில், கன்ட்ரோலர் நீர் வந்து சேரும் இடத்துக்கு முன்பாகவே, ஒரு டி-இணைப்பும் சிறு வால்வும் பொருத்தித் தனிக்கிளை எடுத்து, அதன் முனையில் கலவை ரெசின் (நேர், எதிர் அயனிகள் இரண்டையும் பிடிக்கும் சிறு மணிகள்) நிரப்பிய டி.ஐ. (அயனி நீக்கும்) கார்ட்ரிட்ஜ் ஒன்றை நிமிர்த்தி வைத்து, நீர் அடியிலிருந்து மேலே ஏறும்படி இணைக்கச் சொல்லுங்கள். மெம்பரேன் தடுக்காமல் விட்ட அயனிகளை ரெசின் பிடித்துக்கொள்ளும்.

ரெசின் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது என்று பலரும் வருந்துவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. இயந்திரம் ஓடாமல் நிற்கும்போது உப்பு மெம்பரேனின் வழியே மெல்லக் கசிந்து மறுபக்கம் சேரும். என் இணைப்பில் காலையில் பிடிக்கும் முதல் டம்ளர் நீரில் பேனா மீட்டர் 150-க்கு மேல் காட்டும், ஐந்து நிமிடம் ஓடவிட்டால் 35-க்கு இறங்கி நிற்கும். அந்த முதல் நீரை ரெசினுக்குள் விடாமல் வாளியில் பிடித்துவிடுங்கள். அடுத்தது கரியமில வாயு. போர்வெல் நீரில் கரைந்திருக்கும் இந்த வாயுவை மெம்பரேன் தடுப்பதில்லை, மீட்டரும் காட்டுவதில்லை, ஆனால் ரெசினில் எதிர் அயனிகளைப் பிடிக்கும் பாதியை அது தின்றுகொண்டே இருக்கும். மெம்பரேன் நீரை உணவுத்தர டிரம்மில் பிடித்து, ஏர் பம்ப் போட்டு ஓர் இரவு குமிழியவிட்டு, மறுநாள் சிறு மோட்டாரால் ரெசின் வழியே மெதுவாக அனுப்பினால், ரெசின் கணிசமாகக் கூடுதல் காலம் உழைக்கும்.

ரெசினுக்குப் பின் மீட்டர் பூஜ்யம் காட்ட வேண்டும். ஒன்று, இரண்டு என்று ஏறத் தொடங்கியதும் மாற்றிவிடுங்கள். பத்து வரட்டும் என்று காத்திருப்பது தவறு. தீரும் நிலையிலுள்ள ரெசின் முதலில் நழுவவிடுவது சிலிக்கேட்டைத்தான். மின்கடத்தும் திறனை மட்டுமே அளக்கும் மீட்டருக்கோ அது அநேகமாகத் தெரிவதே இல்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். ஆவியாகும் நீருக்கு ஈடாகத் தினமும் ஊற்றுவதும் இதே 70 நீர்தானா? நாளொன்றுக்கு மூன்றரை லிட்டர் என்றால் மாதம் 100 லிட்டருக்கு மேல். அதனுடன் ஏழு கிராம் கரைபொருள் உள்ளே போகிறது, நீர் மட்டுமே ஆவியாகி வெளியேறுகிறது. ஆகவே தினசரி ஊற்றுக்கும் உப்பில்லாத டி.ஐ. நீரையே பயன்படுத்துங்கள்.

கேன் தண்ணீர் வேண்டாம். அதுவும் சுவைக்காகத் தாது சேர்க்கப்பட்ட ஆர்.ஓ. நீர்தான். ஏ.சி. குழாயில் சொட்டும் நீர் தூய்மையானது என்று சிலர் பிடித்து வைக்கிறார்கள். செப்புச் சுருளின்மேல் வழிந்து வருவதால் அதையும் தவிர்க்க வேண்டும்.

உப்பைக் கலப்பதற்கு, 40 லிட்டர் நீரை முதலில் டிரம்மில் நிரப்பி, பவர்ஹெட் (நீரைச் சுழற்றும் சிறு பம்ப்) ஓடிக்கொண்டிருக்கும்போதே உப்பைக் கைப்பிடி கைப்பிடியாகத் தூவ வேண்டும். உப்பின் மேல் நீரை ஊற்றினால் கால்சியம் சுண்ணாம்பாகத் திரிந்து, கரையாத வெண்கலங்கலாக நின்றுவிடும். தயாரிப்பைப் பொறுத்து லிட்டருக்கு 36 முதல் 40 கிராம், அதாவது மொத்தம் ஒன்றரை கிலோ அளவில் தேவைப்படும். உப்பளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரை 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) திரவத்தால் சரிபார்த்து, ஒப்படர்த்தி 1.025-க்கும் 1.026-க்கும் இடையில் இருப்பதையும், வெப்பநிலை தொட்டியுடன் ஒத்திருப்பதையும் உறுதிசெய்தபின் ஊற்றுங்கள்; மொட்டைமாடியில் வைத்த டிரம் மதியத்தில் எவ்வளவு சூடாகும் என்பதை நீங்களே அறிவீர்கள்.

படலம் உடனே மறையாவிட்டால் மருந்து எதுவும் ஊற்றிவிடாதீர்கள். ஒவ்வொரு முறையும் ஐந்தில் ஒரு பங்கே மாறுவதால், நான்கு மாற்றங்கள் முடிந்து இரண்டு மாதம் ஆன பிறகும் பழைய நீரில் ஐந்தில் இரண்டு பங்கு தொட்டிக்குள்தான் இருக்கும்.