முகம் சுளித்துக் குடித்தவர் மறுபடி வாங்குவாரா? புதுச் சுவைக் கலர் எடுக்கும் கடைக்காரருக்கு

கேள்வி: செங்கோட்டையிலிருந்து புளியரை போகும் சாலையில் கூல்பார் வைத்திருக்கிறேன். லைன் வண்டிக்காரர் போன மாதம் வெள்ளரிக்காய்ச் சுவையில் ஒரு கலரும், மிளகாய் சேர்த்த கொய்யா கலரும் இரண்டிரண்டு கிரேட் இறக்கிவிட்டுப் போனார். முதல் வாரம் காலேஜ் பையன்கள் குடித்துவிட்டு முகத்தைக் கோணிக்கொண்டு வீடியோ எடுத்தார்கள். அதைப் பார்த்தும் ஆட்கள் வந்தார்கள். மூன்றாவது வாரத்திலிருந்து கேட்பாரில்லை. கொய்யா கொஞ்சம் நகர்கிறது, வெள்ளரி அப்படியே நிற்கிறது. மறுபடி எடுக்கச் சொல்லி நச்சரிக்கிறார். எடுக்கலாமா? ஜனங்களுக்குப் பிடித்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நானே காந்தாரி மிளகாய் போட்ட நன்னாரி சோடா போடலாம் என்றும் நினைக்கிறேன்.

பதில்: வெள்ளரியை எடுக்காதீர்கள். கொய்யாவில் ஒரே ஒரு கிரேட் எடுங்கள். காந்தாரி நன்னாரியைத் தாராளமாக முயன்று பாருங்கள், அதில் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. எதற்காக இப்படிச் சொல்கிறேன் என்பது தெரிந்தால் அடுத்த முறை லைன் வண்டி வந்து நிற்கும்போது நீங்களே முடிவெடுத்துவிடலாம்.

முதலில் அந்த முகச் சுளிப்பு. அதைப் பார்த்து ‘பிடிக்கவில்லை’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பாட்டிலைக் கையில் வாங்கும்போதே, அதன் நிறத்தையும் குமிழியையும் பார்த்து, ‘இனிப்பாகத்தான் இருக்கும்’ என்று நாக்கு தயாராகிவிடுகிறது. வருவது வேறாக இருந்தால் முதலில் வருவது அதிர்ச்சிதான். ருசியா இல்லையா என்ற தீர்ப்பு அதற்குப் பிறகுதான். பிரிட்டனில் ஒரு சோதனை செய்து 2008-ல் வெளியிட்டார்கள். புகையில் பதப்படுத்திய சால்மன் மீனில் ஐஸ்கிரீம் மாதிரி ஒன்றைச் செய்து, சிலரிடம் ‘ஐஸ்கிரீம்’ என்றே கொடுத்தார்கள். அவர்களுக்கு அருவருப்பாக இருந்தது, உப்பும் அதிகமாகத் தெரிந்தது. அதையே உப்புச் சுவையுள்ள உறைந்த பண்டம் என்று சொல்லிக் கொடுத்தபோது மற்றவர்கள் சாப்பிட்டார்கள். பண்டம் ஒன்றுதான், சொன்ன பெயர்தான் வேறு.

உங்கள் சாலையிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. ஆரியங்காவு தாண்டினால் எந்தச் சாப்பாட்டுக் கடையிலும் சம்பாரம் கிடைக்கும். மோரில் உப்பு, இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை. குழந்தைகூட முகம் சுளிக்காமல் குடிக்கிறது. அதே நான்கையும் சர்க்கரைத் தண்ணீரில் கலந்து, காற்றேற்றி, பச்சை நிறத்தில் பாட்டிலில் அடைத்துக் கொடுத்தால் அதே ஆள் ஓடிப்போய்த் துப்புவார். நம் பன்னீர் சோடாவையும் எண்ணிப் பாருங்கள். ரோஜா வாசனையைச் சோப்பில் மட்டுமே அறிந்த வெளிநாட்டுக்காரருக்கு அது சோப்புத் தண்ணீர். நமக்கோ கல்யாண வீட்டு நினைவு.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில், வேலை பார்த்த இடத்தில் சுக்கு சேர்த்த சோடா ஒன்று செய்தோம். வெல்லப்பாகின் நிறத்தால் அது கறுப்பாக இருந்தது. ஒன்றும் சொல்லாமல் கண்ணாடி கிளாஸில் ஊற்றிக் கொடுத்தோம். எல்லோரும் கோலா என்று நினைத்து வாயில் வைத்துவிட்டுக் கீழே வைத்துவிட்டார்கள். அன்று மாலையே அதே திரவத்தை ‘சுக்குமல்லி சோடா’ என்று சொல்லி வேறு ஆட்களிடம் கொடுத்தோம், கிளாஸ் காலியாகித் திரும்பி வந்தது. செய்முறையில் ஒரு சொட்டுகூட மாற்றவில்லை. அன்றிலிருந்து, சுவையைப் பற்றிப் பேசும் முன்பு பெயரைப் பற்றி யோசிப்பது என் வழக்கம்.

இப்போது உங்கள் வெள்ளரிக்கு வருவோம். குற்றாலம் சீசனில் வெள்ளரியை நம் ஆட்கள் எப்படித் தின்கிறார்கள்? கீறி, மிளகாய்ப்பொடியும் உப்பும் தடவி. வெள்ளரி வாசனை மூக்கில் ஏறினால் நம் நாக்கு உப்பையும் காரத்தையும்தான் தேடும். அந்தக் கலர் சர்க்கரையைக் கொடுக்கிறது. கொய்யாவுக்கும் மிளகாய்க்கும் ஏற்கெனவே பழக்கம் இருப்பதால் அது நகர்கிறது. ஊரின் தின்பண்டப் பழக்கத்தோடு ஒட்டுகிறதா என்பதுதான் நான் எந்தப் புதுச் சுவையிலும் முதலில் பார்ப்பது. ஒட்டாததை விளம்பரம் ஒருமுறை விற்றுக் கொடுக்கும், இரண்டாம் முறைக்கு அதற்குச் சக்தி இல்லை.

‘அப்படியானால் இந்தக் கம்பெனிகள் ஏன் இப்படிச் செய்கின்றன?’ என்று கேட்பீர்கள். பல நேரங்களில் அந்த ஒருமுறையே அவர்களுக்குப் போதும். 2003-ல் அமெரிக்காவின் சியாட்டிலைச் சேர்ந்த ஜோன்ஸ் சோடா கம்பெனி வான்கோழி வறுவல் குழம்புச் சுவையில் ஒரு சோடா போட்டது. தாகத்துக்கு யார் அதை வாங்குவார்கள்? நான்கு பேர் நடுவில் திறந்து ஒருவரையொருவர் சீண்டத்தான் வாங்கினார்கள். ஊரெல்லாம் அந்தக் கம்பெனியின் பெயரைப் பேசியது. ஜப்பானில் 2007 கோடையில் பெப்சி வெள்ளரிச் சுவையில் வந்தது. அந்தக் கோடைக்கு மட்டும் என்று அளவாகப் போட்டார்கள், விற்றுத் தீர்ந்தது, அதோடு விட்டுவிட்டு அடுத்த ஆண்டு வேறு சுவைக்குப் போனார்கள். இதற்கு நேர்மாறாக, கோக-கோலா ஸ்பைஸ்டு என்பதை 2024 பிப்ரவரியில் வட அமெரிக்காவில் நிரந்தரச் சரக்காகவே அறிவித்தார்கள். செப்டம்பரில் நிறுத்துகிறோம் என்றார்கள். கம்பெனிக்கு அது ஒரு கணக்கு. உங்களுக்கோ பிரிட்ஜில் ஒரு தட்டு இடம், முடங்கிய முதல். ஆகவே வினோதச் சுவையைச் சீசன் சரக்காக மட்டுமே எடுங்கள்: சாரல் காலத்துக்கு ஒன்று, ஐயப்பன் சீசனுக்கு ஒன்று. தீர்ந்தால் தீர்ந்தது, பன்னீர் சோடா நிற்கும் தட்டை அதற்குக் கொடுக்காதீர்கள்.

ருசி பார்த்தவர்கள் சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு இந்தத் தொழிலில் எல்லோரும் படித்த பாடம் ஒன்று உண்டு. 1985 ஏப்ரல் 23 அன்று கோக-கோலா தன் பழைய செய்முறையை நிறுத்திவிட்டுப் புதியதைக் கொண்டுவந்தது. அதற்கு முன் ஏறக்குறைய 2 லட்சம் பேருக்குக் கொடுத்துப் பார்த்திருந்தார்கள், பெரும்பான்மையோர் புதியதே நன்று என்றிருந்தார்கள். ஆனால் கடைக்கு வந்ததும் அமெரிக்காவே கொதித்தது. 79 நாளில், ஜூலை 11 அன்று, பழையதைத் திரும்பக் கொண்டுவரும் நிலை வந்தது. இரண்டு பிழைகள் நடந்தன என்பது என் கருத்து. ஒன்று, சிறு கிளாஸில் இரண்டு மடக்கு குடிக்கும்போது இனிப்பு கூடினது எப்போதும் ஜெயிக்கும். முழுப் பாட்டில் குடிக்கும்போது அதே இனிப்பு திகட்டும். இரண்டு, ‘இது வந்தால் பழையது இருக்காது, சம்மதமா?’ என்ற கேள்விக்குத் தேவையான எடையை அவர்கள் கொடுக்கவில்லை. புதிது பிடிப்பது வேறு, பழையதைக் கைவிடுவது வேறு. உங்கள் கடையிலும் வெள்ளரிக்காக நன்னாரியைப் பின்னால் தள்ளியிருந்தால் உடனே முன்னால் எடுத்து வையுங்கள்.

அப்படியானால் எதைக் கவனிப்பது? உங்கள் கடை எல்லைச் சாலையில் இருப்பதால் இரண்டு வகை ஆட்களுக்கு இரண்டு கணக்கு வேண்டும். புளியரை, செங்கோட்டை, கேசவபுரம் ஆட்கள் திரும்பி வருவார்கள். அவர்களில் யார் தானாக வந்து, நீங்கள் ஒன்றும் சொல்லாமல், அதே பாட்டிலைப் பெயர் சொல்லிக் கேட்கிறார் என்று மட்டும் ஒரு நோட்டில் கோடு போடுங்கள். முதல்முறை வாங்குவதற்குக் கோடு போட வேண்டாம், அது வெறும் ஆசை. கேரளா வண்டிக்காரர்களும் குற்றாலம் வருகிறவர்களும் நாளை வரமாட்டார்கள். அவர்களுக்குக் குப்பைக் கூடையைப் பாருங்கள். ராத்திரி கடை அடைக்கும் முன்பு காலி பாட்டில்களை ஒதுக்கி, எதில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்தால் போதும். பாதிக்கு மேல் மிச்சம் வைத்துப் போட்ட பாட்டில்கள் அதிகமானால் அந்தச் சுவை முடிந்தது. வாய் எதை வேண்டுமானாலும் சொல்லும், மிச்சம் இருக்கிற பாட்டில் பொய் சொல்லாது. சபரிமலைக்குப் போகிறவர்கள் இந்த இரண்டு வகைக்கும் நடுவில் இருக்கிறவர்கள்: போகும்போது வாங்கியவர் வரும்போதும் நிறுத்தி வாங்கினால் அது பெரிய சாட்சி.

‘நல்லா இருக்கா?’ என்று மட்டும் கேட்காதீர்கள். நம் ஆட்கள் கடைக்காரர் மனம் நோகக் கூடாது என்று ‘நல்லாத்தான் இருக்கு’ என்பார்கள். மலையாளத்துக்காரர் ‘கொள்ளாம்’ என்பார். அந்தச் சொல்லுக்கு ‘அருமை’ என்பதிலிருந்து ‘பரவாயில்லை’ வரை இடம் உண்டு, குரலை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். அதற்குப் பதில், ‘அண்ணாச்சி, இதே விலைதான், இன்னொரு தடவை இதைத் தரட்டுமா, பன்னீர் சோடா தரட்டுமா?’ என்று கேளுங்கள். கை எதை நோக்கிப் போகிறதோ அதுதான் பதில்.

இனி உங்கள் காந்தாரி நன்னாரி. நன்னாரி வேருக்கு மணம் தரும் பொருள் வனிலா மணம் தரும் பொருளுக்குச் சொந்தக்காரன், அதனால் சர்க்கரையோடு எளிதில் சேரும். கேரளத்தில் இதே வேரை நறுநீண்டி என்பார்கள், இரு பக்கத்தாருக்கும் பழகிய மணம். குலுக்கி சர்பத்தில், அதாவது மூடிக் குலுக்கிக் கொடுக்கும் எலுமிச்சைச் சர்பத்தில், பச்சைமிளகாய் குடித்துப் பழகிய நாக்குகளும் அங்கே ஏராளம். ஆகவே அடித்தளம் சரியாக இருக்கிறது.

ஆனால் மிளகாயை அரைத்துவிடாதீர்கள். மிளகாயின் காரம் தண்ணீரில் சரியாகக் கரையாது. அரைத்தால் ஒரு கிளாஸில் சும்மா இருக்கும், அடுத்த கிளாஸில் தொண்டையைப் பிடிக்கும். குலுக்கி சர்பத்தில் மிளகாயை நீளவாக்கில் கீறித்தானே போடுகிறார்கள்? வாசனை வரும், காரம் அளவாக இறங்கும். நீங்களும் ஒரு கிளாஸுக்குக் கீறிய ஒரு காந்தாரி என்று தொடங்குங்கள். காந்தாரி சிறியதே தவிரச் சாதுவானதில்லை. இன்னொன்று, சோடாவின் குறுகுறுப்பு வெறும் ருசி இல்லை. அதுவும் காரம்போல நரம்பைச் சீண்டுகிற உணர்ச்சிதான். இரண்டும் சேரும்போது மடக்குக்கு மடக்கு ஏறும். எனவே நீங்களும் ஒரு மடக்கு குடித்துவிட்டு அளவை முடிவு செய்யக் கூடாது. விற்கும் அதே குளிர்ச்சியில் முழு கிளாஸ் குடித்து, ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பாருங்கள். குளிர்ச்சி குறைந்தால் இனிப்பு தூக்கலாகத் தெரியும், அதனால் வெளியே வைத்துப் பார்த்த அளவு பிரிட்ஜிலிருந்து எடுத்ததற்குப் பொருந்தாது.

உப்பு சேர்ப்பதானால் முதலில் சர்பத்தில் கரைத்துவிட்டு அதன்மேல் சோடாவை ஊற்றுங்கள். சோடாவில் பொடியாகப் போட்டால் ஒவ்வொரு பரலையும் பிடித்துக்கொண்டு குமிழி கிளம்பி கிளாஸ் வழிந்துவிடும். 2019-ல் கேரளமெங்கும் பரவிய புல்ஜார் சோடாவில் அந்த நுரைதான் வேடிக்கையே. உங்களுக்கு அது நஷ்டம், போதாததற்கு ஈயும் மொய்க்கும். நிறத்துக்குச் செயற்கைச் சாயம் வேண்டாம். நன்னாரிக்கு அதன் நிறமே அழகு. அனுமதிக்கப்பட்ட சாயங்களுக்கே ஒரு கிலோவுக்கு 100 மில்லிகிராம்தான் உச்ச வரம்பு, அதைக் கரண்டியால் அளக்க முடியாது. கிளாஸில் கலந்து கொடுக்கிற வரைக்கும் இப்போதிருக்கும் பதிவு போதுமா என்று உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். பாட்டிலில் அடைத்து லேபிள் ஒட்டப் போகிறீர்கள் என்றால் அது தயாரிப்புத் தொழில், அதற்கு உரிய அனுமதி இல்லாமல் இறங்க வேண்டாம்.

பலகையில் தமிழிலும் மலையாளத்திலும் ‘எரிவுள்ள நன்னாரி சோடா’ என்று வெளிப்படையாக எழுதி வையுங்கள். எரிவு என்றால் அவர்களுக்குக் காரம், நம் ஆட்களுக்கும் புரிந்துவிடும். ‘ஸ்பெஷல்’, ‘மேஜிக்’ என்று மறைத்து வைக்கும் பெயர் வேண்டவே வேண்டாம். காரம் வரப்போகிறது என்று தெரிந்து குடிக்கிறவர் சிரிப்பார், தெரியாமல் குடிக்கிறவர் சண்டைக்கு வருவார்.

மிச்சமிருக்கும் வெள்ளரிப் பாட்டில்களில் தேதியைப் பாருங்கள். வெயில் படும் இடத்தில் கிரேட்டை வைத்திருந்தால் நகர்த்துங்கள், பிளாஸ்டிக் பாட்டிலில் காற்று மெல்ல மெல்ல வெளியேறும், சூட்டில் இன்னும் வேகமாகப் போகும். அந்தப் பாட்டிலைக் கிளாஸில் ஊற்றி, ஒரு சிட்டிகை உப்பை எலுமிச்சைச் சாற்றில் கரைத்துச் சேர்த்து, விளிம்பில் மிளகாய்ப்பொடி தடவிக் கொடுத்துப் பாருங்கள். இப்படித் தீர்ந்தாலும் மறுபடி எடுக்காதீர்கள். விற்காத கொய்யாவைத் தேதி முடிவதற்கு ஒரு மாதம் முன்பே திரும்ப எடுத்துக்கொள்வதாக லைன் வண்டிக்காரர் பில்லின் பின்புறம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகு அடுத்த கிரேட்டை இறக்கச் சொல்லுங்கள்.